பெண் குழந்தைக்குச் சுன்னத்: பெற்றோரின் மத உரிமை எதுவரை?

பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டும் அல்லது கீறும் சடங்கைச் செய்யப் பெற்றோருக்கு மத உரிமை உண்டா என்று என்னிடம் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. பெண் விருத்தசேதனம் மதக் கடமையா, வெறும் வழக்கமா என்பது ஒன்று. அது கடமை என்று பெற்றோர் உளமார நம்பும்போது அரசு குறுக்கே வரலாமா என்பது இரண்டாவது. ஆண் குழந்தையின் முன்தோலை நீக்க அனுமதிக்கும் சட்டம், பெண் குழந்தைக்கு ஒரு சிறு கீறலைக்கூடக் குற்றம் என்பது பாகுபாடு ஆகாதா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் கடினமானது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் உடலைப் பற்றித் தானே தீர்மானிக்கும் வயதை எட்டாத பெண்ணின் பிறப்புறுப்பில், மருத்துவத் தேவை இல்லாதபோது, கத்தியும் படக் கூடாது, ஊசியும் படக் கூடாது. ஆனால் இந்த முடிவுக்கு ஆதரவாகப் பொதுவெளியில் சொல்லப்படும் காரணங்களில் சில பிழையானவை. பிழையான காரணத்தின் மேல் நிற்கும் சரியான முடிவு முதல் எதிர்வாதத்திலேயே ஆட்டம் கண்டுவிடும் என்பதால், அவற்றை விலக்கிவிட்டே பேச விரும்புகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கடைப்பிடிக்கும் சமூகங்கள் இதைச் சுன்னத், கத்னா, கிஃபாத் என்று அழைக்கின்றன. எதிர்ப்பவர்கள் பிறப்புறுப்புச் சிதைப்பு என்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட செயல்கள் அடங்கியிருப்பதால் விவாதம் அடிக்கடி தடம் புரள்கிறது. உலக சுகாதார நிறுவனம் இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கிறது. கிளிட்டோரிஸின் (பெண்குறியின் மேல்முனையில் உள்ள உணர்ச்சிமிகு உறுப்பு) வெளியே தெரியும் முனையையோ அதை மூடியிருக்கும் தோலையோ ஓரளவு அல்லது முழுவதும் வெட்டுவது முதல் வகை. அதோடு உள் இதழ்களையும் வெட்டுவது இரண்டாம் வகை. இதழ்களை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து, சிறு துளை மட்டும் விட்டுத் திறப்பை அடைத்துவிடுவது மூன்றாம் வகை. குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சுடுவது போன்ற மற்ற அனைத்தும் நான்காம் வகை. சோமாலியாவிலும் சூடானின் பல பகுதிகளிலும் மூன்றாம் வகை பரவலாக இருந்து வந்திருக்கிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் முதல், நான்காம் வகைகளையே அதிகம் காண்கிறோம். யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு உள்ளாகி இன்று உயிரோடு இருக்கும் பெண்களும் சிறுமிகளும் 23 கோடிக்கும் மேல். ஆப்பிரிக்காவில் 14 கோடிக்கு மேல், ஆசியாவில் 8 கோடி, மேற்கு ஆசியாவில் 60 லட்சம்.

உடல்நலத் தீங்கு பற்றிய சான்றுகள் வலுவானவை, ஆனால் எல்லா வகைக்கும் ஒரே அளவில் அல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. பிரசவத்தின்போதோ அதையொட்டியோ சிசு இறக்கும் அபாயம், வெட்டப்படாத பெண்களோடு ஒப்பிட்டால் முதல் வகையில் 15 சதவீதம், இரண்டாம் வகையில் 32 சதவீதம், மூன்றாம் வகையில் 55 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர் கழிப்பதில் தொல்லை, உடலுறவில் வலி ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன. இந்த எண்களை எடுத்து, ஊசியால் ஒரு துளி இரத்தம் வரவழைக்கும் சடங்கின் மேல் அப்படியே ஏற்றுவது நியாயமாகாது. அந்தச் சடங்கைச் செய்பவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு இப்படி எதுவும் நேரவில்லையே என்று சொல்வார்கள். பல சமயம் அது உண்மையாகவே இருக்கும். ஆகவே உடல்நலத் தீங்கை மட்டும் நம்பிக் கட்டப்படும் வாதம், தீங்கு குறைந்த வடிவத்தின் முன் செயலற்றுப்போகும்.

ஆனாலும் "தோலை மட்டும் சிறிது எடுக்கிறோம்" என்ற விளக்கத்தை அப்படியே ஏற்பதிலும் சிக்கல் உண்டு. ஏழு வயதுச் சிறுமிக்கு அந்தத் தோல் மிகச் சிறியது. பெரும்பாலும் அடியில் உள்ள பகுதியோடு ஒட்டியே இருக்கும். துள்ளித் துடிக்கும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, உடற்கூறு கற்காத கைகள், வீட்டு வெளிச்சத்தில், தோலை மட்டும் பிரித்து எடுத்தன என்பதை எப்படி உறுதி செய்வது? எவ்வளவு வெட்டப்பட்டது என்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

மதத்துக்கு வருகிறேன். "எந்த மதத்திலும் இதற்கு இடமில்லை" என்று எதிர்ப்பாளர்கள் சொல்வது வழக்கம். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அது முழு உண்மை அல்ல. குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை என்பது சரி. மதீனாவில் பெண்களுக்கு இதைச் செய்துவந்த ஒருவரிடம் "மிகையாக வெட்டிவிடாதே" என்று நபிகள் சொன்னதாக அபூதாவூத் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் ஒரு அறிவிப்பு வருகிறது. அது பலவீனமானது என்று அதைத் தொகுத்த அபூதாவூதே குறித்திருக்கிறார். விருத்தசேதனம் ஆண்களுக்கு நபிவழி (சுன்னத்), பெண்களுக்குக் கண்ணியம் என்னும் அறிவிப்பையும் ஹதீஸ் ஆய்வாளர்கள் பலவீனமானதாகவே கருதியிருக்கிறார்கள். "விருத்தசேதனம் செய்யப்பட்ட இரண்டு உறுப்புகள் சந்தித்தால் குளிப்பு கடமை" என்பது ஆதாரம் உள்ள அறிவிப்புதான். ஆனால் அது குளிப்பைப் பற்றிய சட்டம், வெட்டச் சொல்லும் கட்டளை அல்ல. மூலங்கள் இவ்வளவே என்றாலும், ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுள் ஒன்று) நூல்கள் இருபாலருக்கும் இதைக் கடமை என்கின்றன. ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் இது கட்டாயம் அல்ல, விரும்பத்தக்க செயல் என்ற அளவில் பேசப்படுகிறது. ஷியா முஸ்லிம் பிரிவுகளுள் ஒன்றான தாவூதி போரா சமூகம் பின்பற்றும் சட்டநூலான, ஃபாத்திமிய காலத்து அறிஞர் காதி நுஃமான் எழுதிய 'தஆயிமுல் இஸ்லாம்' இதைக் குறிப்பிடுகிறது. எனவே ஒரு ஷாஃபி தாயோ போரா தாயோ "இது என் மார்க்கம்" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் போய், உங்கள் மதம் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று பேச்சைத் தொடங்கினால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதே நேரத்தில், மார்க்கத்துக்குள்ளேயே மாற்றுக் குரல் ஓங்கி ஒலிக்கிறது. 2006 நவம்பரில் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் கூடிய அறிஞர்கள் இதைக் கண்டித்தனர். 2007இல் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி தனியார் மருத்துவமனையொன்றில் இந்தச் சடங்குக்கு உள்ளாகி இறந்தபோது, எகிப்தின் தலைமை முஃப்தி அலி ஜும்ஆ இது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார். தீங்கு செய்யக் கூடாது என்ற பொது விதி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைச் சாடும் வசனம், நபிகள் தம் மகள்களுக்கு இதைச் செய்ததாக நம்பத்தகுந்த அறிவிப்பு ஏதும் இல்லாமை ஆகியவை இந்த அறிஞர்களின் வாதங்கள். மறுபுறம் இந்தோனேசிய உலமா (மார்க்க அறிஞர்) சபை 2008இலும், மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2009இலும் ஆதரவாகத் தீர்ப்பளித்தன. மார்க்கம் ஒரே குரலில் பேசவில்லை என்பதே உண்மை நிலை.

இந்த வழக்கம் இஸ்லாத்தோடு மட்டும் ஒட்டியது என்று எண்ணுவதும் தவறு. கி.மு. 163ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்திய பாப்பிரஸ் ஒன்று ஒரு பெண்ணின் விருத்தசேதனத்தைப் பற்றிப் பேசுகிறது. கிறித்துவமும் இஸ்லாமும் தோன்றுவதற்கு முன்பே அங்கே இது இருந்தது. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களும், கென்யாவின் கிக்குயூ மக்களும் செய்துவந்திருக்கிறார்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, துருக்கி நாட்டு முஸ்லிம்களில் இது வழக்கமே அல்ல. ஐரோப்பாவும் இதற்கு வெளியே நின்றதில்லை. லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் 1860களில் வலிப்புக்கும் மனநோய்க்கும் சிகிச்சை என்று சொல்லிப் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டினார். 1867இல் அவரை மகப்பேறு மருத்துவச் சங்கம் வெளியேற்றியதற்கும், பெண்களின் ஒப்புதலைப் பெறாமல் அவர் செயல்பட்டார் என்பது முக்கியக் காரணமாக இருந்தது. அங்கே மருத்துவத்தின் பெயர், இங்கே மார்க்கத்தின் பெயர். கேட்கப்படாதவள் இரண்டு இடத்திலும் பெண்ணே.

அரசு குறுக்கிடலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை காண, இந்தச் சடங்கு மதத்தின் சாரமா இல்லையா என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இந்திய நீதிமன்றங்கள் 1954இன் சிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு மதத்தின் இன்றியமையாத வழக்கம் எது என்ற அளவுகோலைக் கையாண்டு வந்திருக்கின்றன. 2017இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த போரா கத்னா வழக்கும் அதே பாதையில் சென்றது. வழக்கின் அரசியலமைப்புக் கேள்விகள் இறுதியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்குப் போயின. நீதிபதிகள் ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்களை விரித்து மார்க்கத் தீர்ப்பு சொல்வது அவர்களுக்கும் அழகல்ல, மார்க்கத்துக்கும் அழகல்ல. இன்றியமையாதது என்று நாளை முடிவானால் குழந்தை என்ன செய்வாள்? அரசியலமைப்பின் 25ஆம் பிரிவே மத உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டதாகத்தான் தருகிறது. மத உரிமை என்பது அவரவர் மனசாட்சிக்கு உரியது. இன்னொருவரின் உடல் மேல் பத்திரம் எழுதிக் கொடுக்கும் உரிமை அதில் அடங்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இல், மதப் பிரசுரங்களை விற்கச் சிறுமியைத் தெருவுக்கு அழைத்துச் சென்ற காப்பாளரின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: பெற்றோர் தாங்களே தியாகிகள் ஆகலாம், ஆனால் அந்தத் தேர்வைத் தாமே செய்யும் வயதை எட்டும் முன்பே தம் பிள்ளைகளைத் தியாகிகள் ஆக்கிவிட முடியாது.

1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கை இதே நிலையை வேறு வழியில் அடைகிறது. அதன் 14ஆம் பிரிவைப் பலர் பெற்றோரின் மத உரிமைக்கான பிரிவு என்று நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால், அங்கே மதச் சுதந்திரம் குழந்தைக்கே தரப்பட்டிருக்கிறது. குழந்தை அதைப் பயன்படுத்தும்போது, அதன் வளரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டுவதே பெற்றோரின் பங்கு. 24ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, குழந்தைகளின் உடல்நலத்துக்குக் கேடான மரபு வழக்கங்களை ஒழிக்க நாடுகளைப் பணிக்கிறது. தொழக் கற்றுக்கொடுப்பதும், நோன்பைப் பழக்குவதும், மார்க்கக் கல்வி தருவதும் வழிகாட்டுதலில் அடங்கும். வளர்ந்த மகள் அவற்றைத் தொடரலாம், விட்டுவிடலாம், வேறொரு நாள் திரும்பி வரலாம். வெட்டிய உறுப்பு திரும்ப வராது. அவள் பிற்காலத்தில் ஆழ்ந்த நம்பிக்கையாளராகவே வாழ்ந்து, அதே நேரத்தில் இந்தச் சடங்கை ஏற்காதவராக இருந்தால், அந்த நம்பிக்கைக்கேற்ற உடலை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

இப்போது ஆண் குழந்தை. இந்த ஒப்பீட்டை எழுப்பியதும் பலர் சினம் கொள்கிறார்கள். நான் அப்படிக் கடந்துபோக விரும்பவில்லை. கிளிட்டோரிஸின் முனையையோ இதழ்களையோ வெட்டும் வடிவங்களோடு ஒப்பிட்டால் விடை எளிது: ஆண்களுக்கு அதற்கு இணையானது முன்தோலை நீக்குவது ஆகாது, உறுப்பின் முனையையே வெட்டுவதாக இருக்கும். சிக்கல் தோலை மட்டும் எடுக்கும் வடிவத்திலும் நான்காம் வகையிலும்தான் வருகிறது. ஊசிக் குத்தல், ஆண் குழந்தையின் முன்தோல் முழுவதையும் நீக்குவதைவிடச் சிறியது என்பதை மறுக்க முடியாது. இங்கிலாந்தில் 2015இல் நீதிபதி ஜேம்ஸ் மன்பி ஒரு குடும்ப வழக்கில் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நான்காம் வகை கணிசமான தீங்கு என்றால் ஆண் விருத்தசேதனமும் அப்படியே என்றார். ஆனால் முறையான குழந்தை வளர்ப்பு என்ற வரம்புக்குள் சமூகமும் சட்டமும் பின்னதைச் சகித்துக்கொள்கின்றன, முன்னதை எந்த வடிவிலும் சகிப்பதில்லை என்று வேறுபடுத்தினார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, பெண்களுக்குச் செய்வதற்கு எந்த மதத்திலும் அடிப்படை இல்லை என்பது. அந்தக் காரணம் நிற்காது என்பதை மேலே பார்த்தோம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010 ஏப்ரலில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், பெற்றோர் சிறுமிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்க் கடுமையாக வெட்டிவிடுவதைத் தவிர்க்க, மருத்துவர்கள் ஒரு சிறு குத்தலைச் செய்ய அனுமதிப்பது நல்லதாக இருக்கலாம் என்ற யோசனை இருந்தது. எதிர்ப்பு எழுந்தது, அடுத்த மாதமே சங்கம் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியாவில், இரண்டு சிறுமிகளுக்குக் கத்னா செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் வந்த தண்டனையை 2018இல் நியூ சவுத் வேல்ஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது; 'சிதைப்பு' என்ற சட்டச் சொல்லுக்கு உறுப்பு உருக்குலைய வேண்டும் என்று அது பொருள் கொண்டதும் அதற்கு ஒரு காரணம். 2019 அக்டோபரில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தப் பொருளை ஏற்க மறுத்து, சிறு கீறலும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றது. அந்த முடிவு சரி என்றே கருதுகிறேன். அளவை வைத்துக் கோடு போடத் தொடங்கினால், மூடிய அறைக்குள் நடந்ததை எந்தச் சாட்சியைக் கொண்டு அளப்பது? பிடித்துக்கொள்ளப்பட்ட குழந்தையே அங்கிருந்த ஒரே சாட்சி.

அப்படியானால் ஆண் குழந்தைக்கு? முரண்பாடு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் 2012இல் நான்கு வயதுச் சிறுவனுக்குச் செய்யப்பட்ட விருத்தசேதனத்தைச் சட்டவிரோத உடற்காயம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதை அனுமதித்தது. யூதர்களையும் முஸ்லிம்களையும் ஒடுக்க நினைப்பவர்களின் கையில் அத்தகைய தடை என்ன ஆயுதம் ஆகும் என்ற அச்சம், அந்த நாட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்குப் புரியும். ஆண் விருத்தசேதனத்துக்கு மருத்துவப் பயன்கள் சில சொல்லப்படுகின்றன. பெண் விருத்தசேதனத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பெண்ணின் இச்சையை அடக்கவும், தூய்மைப்படுத்தவும், மணத்துக்குத் தகுதியாக்கவும் என்று பல சமூகங்களில் வெளிப்படையாகவே சொல்லப்படும் நோக்கமும் வேறு. இவை உண்மையான வேறுபாடுகள். ஆயினும் குழந்தையின் ஒப்புதல் என்ற கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டால், அது பால் பார்த்து நிற்காது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல், ஆண், பெண் என்று தெளிவாக வகைப்படுத்த முடியாத உடலோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு உயிர் அபாயம் இல்லாத நிலையில் பால் திருத்த அறுவை செய்வதைத் தடுக்கச் சொன்னபோது இந்தக் கொள்கையைத்தான் பின்பற்றியது. ஆண் குழந்தை விஷயத்தில் சமூகங்கள் தமக்குள் நீண்ட உரையாடல் நடத்த வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மகனுக்கு இன்னும் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது, மகளுக்குக் கிடைத்ததைப் பறிக்கக் காரணம் ஆகாது. சமத்துவம் வேண்டுமென்றால் கத்தியை விலக்குவதில் வேண்டும்.

மருத்துவமனையில், மயக்க மருந்தோடு, சுத்தமான கருவியால் செய்தால் என்ன என்ற கேள்வியும் இதோடு வருகிறது. எகிப்தின் அனுபவம் கண் முன்னே இருக்கிறது. அங்கே மருத்துவர்கள் கைக்கு இது மாறியதால் வழக்கம் மறையவில்லை, வெள்ளை அங்கி அதற்கு மதிப்பைக் கூட்டியது. இந்தோனேசியா 2006இல் மருத்துவப் பணியாளர்களைத் தடுத்தது, 2010இல் எப்படிச் செய்ய வேண்டும் என்று விதிமுறையே வகுத்தது, 2014இல் அதை நீக்கியது, 2024இல் அரசு ஒழுங்குமுறை வழியாகப் பெண் விருத்தசேதனத்தை ஒழிக்கச் சொன்னது.

சட்டம் மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. 1956இல், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட கென்யாவின் மேரு பகுதியில் தடை வந்தபோது, சிறுமிகள் பிளேடு வாங்கி ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானது. மேலிருந்து வந்த தடை, வழக்கத்தை எதிர்ப்பின் அடையாளமாக்கிவிட்டது. செனகலின் மாலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் 1997இல் தாங்களாகவே இதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர் இமாம் ஒருவர், பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்தால்தான் இது நிலைக்கும் என்று சொல்லி ஊர் ஊராக நடந்து பேசினார். மறு ஆண்டு பதின்மூன்று கிராமங்கள் கூடி அறிவித்தன. ஒரு தாய் தன் மகளை வெட்டக் கொடுப்பது கொடுமையால் அல்ல. வெட்டாத பெண்ணுக்கு மணமகன் கிடைக்க மாட்டான், ஊர் ஒதுக்கும் என்ற பயத்தால். எல்லோரும் ஒன்றாக விட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. அதே வேளையில் சட்டம் இல்லாமலும் முடியாது: காம்பியாவில் 2015இன் தடையை நீக்கக் கொண்டுவரப்பட்ட மசோதாவை 2024 ஜூலையில் நாடாளுமன்றம் நிராகரித்தபோது, மகளைக் காக்க நினைத்த பல தாய்மார்களுக்கு மாமியாரிடமும் ஊரிடமும் "சட்டம் விடாது" என்று சொல்லும் துணை மிஞ்சியது.

இந்த மூன்று இழைகள் தவிர, கேள்வியின் இறுதியில், வயது வந்த பெண் தானே விரும்பிச் செய்துகொண்டால் என்ன என்றும் கேட்கப்பட்டிருந்தது. கென்யாவில் ஒரு மருத்துவரே இந்த வாதத்தோடு நீதிமன்றம் போனார். 2011இன் தடைச் சட்டம் வயது வந்த பெண்களின் தேர்வைப் பறிக்கிறது என்றார். 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சமூக அழுத்தம் அவ்வளவு கனமாக இருக்கும் இடத்தில் ஒப்புதலைச் சுதந்திரமானது என்று கொள்ள முடியாது என்றது. அந்த நாட்டுச் சூழலில் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் கொள்கை அளவில், எந்த வற்புறுத்தலும் இல்லாமல், விளைவுகளை அறிந்து, முதிர்ந்த வயதில் ஒரு பெண் தன் மார்க்கத்துக்காக இதைத் தேர்ந்தால், அழகுக்காக அதே இடத்தில் அறுவை செய்துகொள்ளும் பெண்ணுக்கு இல்லாத தடையை அவளுக்கு மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையில் இது கடமை என்று நம்பும் பெற்றோரிடம் நான் கேட்பதும் அதுதான்: பதினெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, அவளிடமே கேளுங்கள்.